பாறையில் கரியமில வாயுவைச் சேமித்தல்

நிலக்கரியும் எண்ணெயும் எரிவது முதலியவற்றால் உண்டாகும் கரியமில வாயுவைப் பிரித்தெடுத்து, பூமிக்கடியிலுள்ள பாறைகளின் நுண்துளைகளிலும் வெடிப்புகளிலும் செலுத்தி, அது மீண்டும் ஆகாயத்தை எட்டாதவாறு நெடுங்காலம் அங்கேயே தங்கச் செய்யும் முறை இப்பெயரால் வழங்கும். இதற்கு வழிகள் இரண்டு. வாயுவை ரசாயன மாற்றமின்றி வைத்து, மேலே இறுக்கமான மூடுபாறை காவலிருக்க, மணற்பாறையில் அடைப்பது ஒன்று. 1996இல் நார்வே நாட்டார் வடகடலின் ஸ்லைப்னர் எரிவாயு வயலில் ஆண்டுக்கு ஏறத்தாழ 10 லட்சம் டன் வீதம் தொடங்கியது இதுவே. மக்னீசியமும் கால்சியமும் மிகுந்த பாறையோடு வாயுவை ரசாயனச் சேர்க்கை கொள்ளச் செய்து, அதைக் கல்லாகவே மாற்றிவிடுவது மற்றொன்று. கல்லானபின் காவல் வேண்டியதில்லையாதலால், இரண்டாவதே நம் கவனத்துக்கு அதிகம் உரியது.

இந்த இரண்டாம் வழியை இயற்கை தமிழ்நாட்டிலேயே நடத்திக் காட்டியிருக்கிறது. சேலத்துக்கு வடக்கே, சேர்வராயன் மலையடிவாரத்தில், கரும்பச்சை நிறமான பாறையின் ஊடே வெண்ணிற நரம்புகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடுவதைச் சுரங்க வெட்டுகளில் எவரும் காணலாம். அவ்வூரார் வெள்ளைக்கல் என்று சொல்லும் மாக்னசைட் அது. பூமியின் ஆழத்திலிருந்து வந்த ஆலிவின் என்ற தாதுவைக் கரியமில வாயு கரைந்த ஜலம் ஊடுருவி, அதிலுள்ள மக்னீசியத்தைப் பற்றிக்கொண்டு படிந்ததால் விளைந்த இக்கல்லின் எடையில், அது சுத்தமானதாக இருப்பின், நூற்றுக்கு 52 பங்கு கரியமில வாயுவே. பீங்கான் உடைந்தாற்போல் வழவழவென்று உடையும் அதன் துண்டொன்றின்மேல் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைக் குளிர்ந்த நிலையில் விட்டால் அதிகம் பொங்காது. சூடாக்கினால்தான் நுரைத்துத் தன் வாயுவை விடுவிக்கும். அவ்வளவு பிடிவாதமான பிணைப்பு. எஃகு உலைகளுக்கு வேண்டிய தீச்செங்கல் செய்வதற்காக இதே வெள்ளைக்கல்லைச் சூளையிலிட்டு எரிக்கும்போது, யுகயுகமாகச் சிறைப்பட்டிருந்த வாயு சில மணி நேரத்தில் புகைபோக்கி வழியே வெளியேறிவிடுகிறது என்பதையும் இங்கே குறிக்க வேண்டும்.

இயற்கை மெதுவாகச் செய்ததை மனிதன் விரைவாகச் செய்யக்கூடும் என்பதற்கு ஐஸ்லாந்து சாட்சி. ஹெல்லிஷெய்டி புவிவெப்ப மின்நிலையத்தருகே கார்ப்ஃபிக்ஸ் திட்டத்தார் 2012இல் ஏறத்தாழ 250 டன் வாயுவைத் தண்ணீரில் கரைத்து எரிமலைப் பாறையான பசால்ட்டில் இறக்கினர். அதில் 95 சதவீதத்துக்கு மேல் இரண்டாண்டுக்குள் கல்லாகிவிட்டது என்ற முடிவு 2016இல் வெளியாயிற்று. நூற்றாண்டுகள் ஆகும் என்றிருந்த எண்ணம் அதனால் தளர்ந்தது. ஆனால் ஒரு டன் வாயுவுக்கு 25 டன் அளவில் தண்ணீர் செலவாகும். கோடையில் லாரித் தண்ணீருக்குக் காத்திருக்கும் சென்னைவாசிக்கு இது அற்ப விஷயமாகத் தோன்றாது.

இந்தியாவில் பசால்ட்டுக்குப் பஞ்சமில்லை. ஏறத்தாழ 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன் பொங்கிப் படிந்த தக்காண எரிமலைப் பாறை இன்றும் சுமார் 5 லட்சம் சதுர கிலோமீட்டரை மூடியிருக்கிறது. பசால்ட் பாறைகளில் 9,700 கோடி முதல் 31,600 கோடி டன் வரை அடைக்க இயலும் என்பது நிதி ஆயோக் 2022இல் வெளியிட்ட அறிக்கை எடுத்தாண்ட மதிப்பீடு. கீழெல்லைக்கும் மேலெல்லைக்கும் மும்மடங்கு வேறுபாடு இருப்பதே, இது துளையிட்டு அறிந்த தொகையன்று என்பதைப் புலப்படுத்தும். அந்தப் பாறையும் தமிழ்நாட்டு எல்லைக்குள் வருவதில்லை. தூத்துக்குடியில் ஓர் ஆலை 2016 முதல் நிலக்கரிக் கொதிகலனின் புகையிலிருந்து வாயுவைப் பிடித்துச் சலவைச் சோடா தயாரித்ததுண்டு; அது பிரயோஜனமான காரியமே எனினும், அச்சோடா கண்ணாடி உலைக்குப் போகுமாயின் வாயு மறுபடியும் வெளியேறுமாதலால், அதைச் சேமிப்பு என்று கொள்ளலாகாது.

சென்னையின் வேளச்சேரியிலிருந்து மேற்கே நோக்கினால் தெரியும் பரங்கிமலை, இவ்விஷயத்தில் ஒரு விசித்திரம். அதுவும் பல்லாவரத்துக் குன்றுகளும் சார்னோகைட் என்னும் நீலச்சாம்பல் நிறக் கருங்கல்லால் ஆனவை. கல்கத்தாவிலுள்ள, கிழக்கிந்தியக் கம்பெனி அலுவலர் ஜாப் சார்னாக்கின் சமாதிக்கல் இவ்வகையினது என்று கண்டு, அவர் பெயரையே 1893இல் இதற்குச் சூட்டியவர் புவியியல் அறிஞர் தாமஸ் ஹாலந்து. தென்னிந்தியச் சார்னோகைட்டின் படிகங்களுக்குள், உருப்பெருக்கியில் மட்டுமே தெரியும் குமிழிகளில் அடர்ந்த கரியமில வாயு அகப்பட்டிருப்பதை அறிஞர் கண்டுள்ளனர்; பூமியின் ஆழத்திலிருந்து எழுந்த அந்த வாயுவே ஈரத்தைத் துரத்தி இப்பாறையை உருவாக்கியது என்று ஒரு சாரார் வாதித்ததும் உண்டு. ஆயினும் துளையற்று இறுகிய இக்கல்லில் புதிதாக வாயுவைப் புகுத்த இடமில்லை.

ஆகவே இவ்வட்டாரத்து ஆராய்ச்சி கடலை நோக்கிச் சென்றிருக்கிறது. வேளச்சேரியை ஒட்டிய சென்னை ஐ.ஐ.டி. வளாகத்து ஆய்வாளர்கள், 500 மீட்டருக்கு மேற்பட்ட ஆழத்தின் குளிரிலும் அழுத்தத்திலும் கரியமில வாயு தண்ணீரோடு சேர்ந்து பனிக்கட்டி போன்ற ஹைட்ரேட்டாக உறையும் தன்மையைப் பயன்படுத்தி, வங்கக் கடலடி வண்டலில் அதைத் தங்கவைக்கலாகுமா என்று ஆராய்ந்து வருகின்றனர். இவ்வகை ஹைட்ரேட் ஒரு கன மீட்டரில், சாதாரண அழுத்தத்தில் 150 கன மீட்டருக்கு மேல் இடங்கொள்ளும் வாயு ஒடுங்கும். மீத்தேன் வாயு இவ்வாறே உறைந்து கிருஷ்ணா–கோதாவரிப் படுகையில் கிடப்பது 2006ஆம் ஆண்டுக் கடலாய்வில் உறுதியாயிற்று. எனினும் கல்லைப்போல் ஹைட்ரேட் நிரந்தரமானதன்று. வெப்பம் ஏறினாலோ அழுத்தம் குறைந்தாலோ கலைந்துவிடும். ஆழம் மிகுந்த இடத்தைத் தேடுவதும், மேலே படிந்த களிமண் அதை எவ்வளவு காலம் தடுத்து நிறுத்தும் என்று அளப்பதும் அதனாலேயே முதல் வேலையாகின்றன.