தாம்பரம் சானடோரியமும் கொள்ளைநோய்க் கால மருத்துவப் பணியாளர் மனநலமும்

இரும்புலியூரிலிருந்து ஜி.எஸ்.டி. சாலையில் வடக்கே சென்று தாம்பரத்தைத் தாண்டினால் சானடோரியம் வருகிறது. புறநகர் ரயில் நிலையத்துக்கும் அதுவே பெயர். அங்கே இறங்கி ஏறும் பலருக்கு அது வெறும் ஊர்ப்பெயர். காசநோயாளிகளை ஊருக்கு வெளியே தங்கவைத்துப் பராமரித்த இடம் என்ற பொருள் மறந்துபோய்விட்டது. இங்குள்ள அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை காசநோய், எச்.ஐ.வி., கோவிட்-19 ஆகிய மூன்று தொற்றுகளையும் கண்டது. ஊர் அஞ்சி விலகிய நோயாளிகளின் அருகில் நின்றவர்களின் மனம் எதனால் சோர்கிறது, எதனால் தாங்குகிறது என்ற கேள்விக்கு இந்த மருத்துவமனையின் வரலாற்றிலிருந்தே விடை தேடத் தொடங்கலாம்.

மருந்தில்லாக் காலம்

இந்தக் காசநோய் இல்லத்தை 1928இல் தொடங்கியவர் மருத்துவர் டேவிட் சௌரி முத்து. அப்போது ஏறத்தாழ 250 ஏக்கர் நிலமும் 12 படுக்கைகளும் இருந்தன. அதற்கு முன் இங்கிலாந்தின் மெண்டிப் குன்றுகளில் அவர் ஒரு காசநோய் இல்லத்தை நடத்தினார். கணிதமேதை இராமானுசன் 1917இல் சிகிச்சைக்காகத் தங்கியது அந்த இல்லத்தில்தான். இருவரும் 1914இல் ஒரே கப்பலில் இங்கிலாந்து சென்றவர்கள் என்பது இன்னொரு சுவையான செய்தி. 1937இல் தாம்பரம் இல்லம் அரசின் கைக்கு வந்தது.

ஸ்ட்ரெப்டோமைசின் 1940களில்தான் கண்டுபிடிக்கப்பட்டது. அதுவரை காசநோய்க்கு நல்ல காற்று, சத்துணவு, ஓய்வு என்பவையே சிகிச்சை. மாதக்கணக்கில் தங்கும் நோயாளியை நாள்தோறும் கவனித்து, அவர்களில் பலர் இறப்பதையும் பார்த்து, தமக்கும் இருமல் வந்துவிடுமோ என்று எண்ணியபடி வேலை செய்வதே அன்றைய செவிலியரின் நிலை. மனநலம் என்ற பேச்சே அக்காலத்தில் எழவில்லை. 'சேவை மனப்பான்மை' என்ற ஒரு சொல்லுக்குள் அவர்களுடைய அச்சம் முழுவதும் அடக்கப்பட்டது. கோவிட் காலத்திலும் அந்தச் சொல்லைத்தான் திரும்ப எடுத்தார்கள்.

காசநோய் குறித்த அச்சத்தைத் தளர்த்தியதில் சென்னைக்கு உலக அளவில் பங்குண்டு. 1956இல் சேத்துப்பட்டில் அமைந்த ஆய்வு மையம், மருந்து உட்கொள்ளும் நோயாளிகளில் ஒரு பகுதியினரை வீட்டிலும் மறு பகுதியினரை மருத்துவமனையிலும் வைத்து ஒப்பிட்டது. வீட்டுச் சிகிச்சையும் ஏறத்தாழ அதே பலனைத் தந்தது. உடனிருந்த குடும்பத்தாருக்குக் கூடுதல் ஆபத்து ஏற்படவில்லை என்பதும் தெரியவந்தது. ஊருக்கு வெளியே கட்டிய சுவருக்கு மருத்துவக் காரணம் அதன்பின் பெரிதாக எஞ்சவில்லை.

எச்.ஐ.வி. தந்த பாடம்

1986இல் சென்னையில் மருத்துவர் சுனிதி சாலமனின் குழு இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டறிந்தது. அடுத்த ஆண்டுகளில் பல மருத்துவமனைகள் இந்நோயாளிகளைச் சேர்க்கத் தயங்கின. தாம்பரம் மருத்துவமனை 1990களில் அவர்களுக்குக் கதவைத் திறந்தது. அப்போது கண்காணிப்பாளராக இருந்த மருத்துவர் செ.நெ. தெய்வநாயகத்தின் பெயரை இங்கே குறிப்பிட வேண்டும். ஆந்திரத்திலிருந்தும் நோயாளிகள் இங்கு வந்தார்கள். 2004 ஏப்ரலில் மத்திய அரசு இலவசக் கூட்டுமருந்துச் சிகிச்சையைத் தொடங்கியபோது, அது முதலில் கிடைத்த ஒருசில மருத்துவமனைகளில் தாம்பரமும் ஒன்று.

பணியாளர் மனநலத்தின் கோணத்தில் பார்த்தால் இந்தக் கட்டம் முக்கியமானது. எச்.ஐ.வி. நோயாளிக்கு ஊசி போடும்போது கை தவறித் தன் விரலில் குத்திக்கொண்ட செவிலியருக்குத் தொடக்கத்தில் காத்திருப்பதைத் தவிர வழியில்லை. பிறகு ஒரு நடைமுறை வந்தது. 72 மணி நேரத்துக்குள் தடுப்பு மருந்தைத் தொடங்கி 28 நாட்கள் உட்கொண்டால் தொற்றும் வாய்ப்பு பெருமளவு குறையும். மருந்து எந்த அலமாரியில் இருக்கிறது, யாரிடம் சொல்ல வேண்டும், எப்போது பரிசோதனை என்பதெல்லாம் வரையறுக்கப்பட்டன. அச்சம் முற்றிலும் அகலாவிட்டாலும், அதற்கு ஒரு முடிவுத் தேதி கிடைத்தது.

2003இல் சார்ஸ் நோய் தாக்கிய கனடாவின் டொரன்டோ நகரில் செய்யப்பட்ட ஆய்வும் இதையே காட்டுகிறது. நோய் ஓய்ந்து 13 முதல் 26 மாதங்களுக்குப் பின், 13 மருத்துவமனைகளைச் சேர்ந்த 769 பணியாளர்களை ஆராய்ந்தார்கள். சார்ஸ் நோயாளிகளைக் கவனித்த மருத்துவமனைகளின் பணியாளர்களிடம் சோர்வும் மன உளைச்சலும் அப்போதும் கூடுதலாக இருந்தன. போதிய பயிற்சி, பாதுகாப்பு, மனத்துணை ஆகியவை தமக்குக் கிடைத்ததாக உணர்ந்தவர்களுக்குப் பாதிப்பு குறைவு. மனஉறுதி பிறவியிலேயே வருவது என்று எண்ணும் நிர்வாகிகள் படிக்க வேண்டிய ஆய்வு இது.

2020 ஏப்ரல்

2020 மார்ச் 22 மாலை நாடெங்கும் மக்கள் மருத்துவப் பணியாளர்களுக்காகக் கைதட்டினார்கள். அதே நாட்களில் பல நகரங்களில் மருத்துவர்களையும் செவிலியர்களையும் வாடகை வீட்டைக் காலி செய்யச் சொன்ன செய்திகளும் வந்தன.

ஏப்ரல் 19 அன்று சென்னையின் நரம்பியல் அறுவை மருத்துவர் சைமன் ஹெர்குலிஸ் கோவிட் தொற்றால் இறந்தார். உடலைக் கீழ்ப்பாக்கம் கல்லறையில் அடக்கம் செய்ய எதிர்ப்பு எழுந்தது. வேலங்காடு கல்லறைக்குக் கொண்டுசென்றபோது ஒரு கும்பல் கற்களாலும் கட்டைகளாலும் தாக்கியது. ஆம்புலன்ஸ் பணியாளர்கள் காயமடைந்தனர், குடும்பத்தார் அங்கிருந்து விலக நேர்ந்தது. இறுதியில் சக மருத்துவர் ஒருவர் சிலருடைய உதவியோடு மண்வெட்டி எடுத்து நள்ளிரவில் அடக்கத்தை முடித்தார். மறுநாள் பணிக்குச் சென்ற ஒவ்வொரு மருத்துவரும், ஒவ்வொரு செவிலியரும் இச்செய்தியைப் படித்திருப்பார்கள். 'எனக்கும் இதுதானா?' என்ற கேள்விக்கு எந்த மனநல ஆலோசகராலும் எளிதாக விடை சொல்ல முடியாது.

சட்டம் விரைந்தது. தொற்றால் இறந்தவரின் அடக்கத்தைத் தடுப்போருக்கு 3 ஆண்டுவரை சிறை என்று தமிழ்நாடு அரசு அம்மாதமே அவசரச் சட்டம் கொண்டுவந்தது. மத்திய அரசு ஏப்ரல் 22 அன்று 1897ஆம் ஆண்டின் கொள்ளைநோய்ச் சட்டத்தைத் திருத்தி, மருத்துவப் பணியாளரைத் தாக்குவோருக்கு 5 ஆண்டுவரையும், கொடுங்காயம் விளைவிப்போருக்கு 7 ஆண்டுவரையும் சிறை என்றது. பிளேக் காலத்தில் எழுதப்பட்ட பழைய சட்டம் அதிகாரிகளை வழக்குகளிலிருந்து காத்தது. நோயாளியின் அருகில் நிற்பவரை அடியிலிருந்து காக்க 123 ஆண்டுகள் ஆயின.

கவச உடைக்குள்

தாம்பரம் மருத்துவமனையும் கோவிட் நோயாளிகளைச் சேர்த்தது. கவச உடை அணிந்தால் பணிநேரம் முடியும்வரை தண்ணீர் குடிக்கவோ கழிவறைக்குச் செல்லவோ இயலாது. சென்னையின் கோடையில் அதற்குள் வியர்வை வழியும், கண்ணாடி மங்கும். மாதவிடாய் நாட்களில் செவிலியர் பட்ட பாடு அன்றைய புகழுரைகளில் இடம்பெறவே இல்லை. பணி முடிந்தவர்கள் விடுதிகளில் தனித்திருந்தார்கள். பிள்ளைகளைக் கைப்பேசித் திரையில் மட்டுமே பார்த்த தாய்மார்கள் பலர். உறவினர் உள்ளே வரமுடியாததால் நோயாளியின் கடைசிப் பேச்சைக் கேட்பதும், அதை வீட்டாரிடம் சொல்வதும் செவிலியர் தலையில் விழுந்தன. சம்பளம், தங்குமிடம் போன்ற அடிப்படைகளுக்காக மருத்துவர்கள் உச்ச நீதிமன்றம்வரை செல்ல வேண்டியிருந்தது.

2021 மே மாதத்து இரண்டாம் அலை வேறுவகைச் சுமையைக் கொண்டுவந்தது. சென்னை ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனை வாசலில் படுக்கைக்காக ஆம்புலன்ஸ்கள் வரிசையில் நின்றன. மே 4 இரவு செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சில மணி நேரத்தில் பத்துக்கும் மேற்பட்ட நோயாளிகள் இறந்தார்கள். ஆக்சிஜன் குறைந்ததே காரணம் என்றார்கள் உறவினர்கள், நிர்வாகம் மறுத்தது. செய்ய வேண்டியது இன்னதென்று தெரிந்தும் செய்யமுடியாமல் நின்றவருக்கு ஏற்படும் குற்றவுணர்வை 'அறக்காயம்' எனலாம். வியட்நாம் போரிலிருந்து திரும்பிய வீரர்களை ஆராய்ந்த ஜோனதன் ஷே இக்கருத்தைப் பரவலாக்கினார். இது களைப்பிலிருந்து வேறுபட்டது. களைப்பு விடுப்பில் தீரும். 'அந்தப் படுக்கையை இவருக்குக் கொடுத்தேன், அவருக்குக் கொடுக்கவில்லை' என்ற நினைவு விடுப்பில் இன்னும் வலுக்கும்.

எண்ணிக்கைகளும் உண்டு. 2020 தொடக்கத்தில் ஊகான் உள்ளிட்ட சீனப் பகுதிகளின் 34 மருத்துவமனைகளைச் சேர்ந்த 1,257 பணியாளர்களிடம் கேட்டபோது 50.4% பேரிடம் மனச்சோர்வின் அறிகுறிகளும் 34% பேரிடம் தூக்கமின்மையும் காணப்பட்டன. இவை வினாத்தாளில் அவரவர் சொன்ன விடைகள். மருத்துவர் நேரில் ஆராய்ந்து சொன்ன முடிவுகள் என்று கொள்ளக்கூடாது. 2020 சனவரி முதல் 2021 மே வரை உலகில் ஏறத்தாழ 1,15,500 மருத்துவப் பணியாளர்கள் கோவிட்டால் இறந்திருக்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு.

உதவிக்குத் தொலைபேசி எண்கள் இருந்தன. தமிழ்நாட்டில் 104, பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனமும் ஓர் எண்ணை அறிவித்தது. 2022 அக்டோபரில் நாடு முழுவதற்கும் டெலி-மானஸ் (14416) வந்தது. ஆனால் பன்னிரண்டு மணி நேரம் நின்றுவிட்டு வருபவர் எண்ணைத் தேடிப் பேசுவார் என்று எதிர்பார்ப்பது சற்று அதிகம். மருத்துவத் துறையிலேயே இருப்பவருக்கு 'மனசு சரியில்லை' என்று சொல்வதில் கூச்சமும் கூடுதல். தூய்மைப் பணியாளர், 108 ஓட்டுநர், பிணவறை ஊழியர் ஆகியோரைப் பற்றிய ஆய்வுகள் மருத்துவர், செவிலியரைப் பற்றியவற்றைவிட மிகக் குறைவு.

கோவிட் பணிக்கு ஒப்பந்த அடிப்படையில் சேர்க்கப்பட்டிருந்த இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட செவிலியர்களின் ஒப்பந்தம் தமிழ்நாட்டில் 2022 டிசம்பர் 31 அன்று முடிவுக்கு வந்தது. புத்தாண்டு பிறந்த நாட்களில் அவர்கள் வேலை கேட்டுப் போராடினார்கள். வேறு திட்டங்களில் இடம் தருவதாக அரசு சொன்னது. அதுவும் ஒப்பந்த வேலையே.