தத்துக் கொடுத்த பெட்டி

2007 டிசம்பர். கலிஃபோர்னியாவிலுள்ள நெட்ஃபிளிக்ஸ் அலுவலகத்தில் கையகலப் பெட்டி ஒன்று விற்பனைக்கு வர ஏறக்குறையத் தயாராக இருந்தது. அந்த வேலைக்கு உள்ளே ‘கிரிஃபின்’ என்று பெயர். ‘தி பிளேயர்’ என்ற ஹாலிவுட் படத்தில் டிம் ராபின்ஸ் நடித்த பாத்திரத்தின் பெயர் அது. கடைசி நேரத்தில், தலைவர் ரீட் ஹேஸ்டிங்ஸ் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

அன்றைய அமெரிக்க வீட்டுக்குப் படம் வந்து சேர்ந்த வழிகளில் முக்கியமானவை இரண்டு: ஒன்று கேபிள், இன்னொன்று கூரைமேல் டிஷ். 1994-ல் டைரக்டிவி 18 அங்குல டிஷ்ஷைக் கொண்டுவந்தது; தோட்டத்தை அடைத்துக்கொண்டு நின்ற பழைய பிரம்மாண்டங்களுக்கு வேலை குறைந்தது. சின்னதோ பெரியதோ, ஏற்பாடு ஒன்றுதான். ஏறக்குறைய 36,000 கிலோமீட்டர் உயரத்திலிருந்து செயற்கைக்கோள் எல்லாச் சேனல்களையும் எல்லார் கூரைமீதும் ஓயாமல் பொழியும். காசு கட்டியவர் வீட்டுப் பெட்டி மட்டும் பூட்டைத் திறந்து காட்டும். டிஷ், பெட்டி, சேனல் மூன்றும் ஒரே கம்பெனியின் கையில். இரண்டு வருட ஒப்பந்தம், நடுவில் விலகினால் தண்டம். பலத்த மழை பெய்தால் படம் போய்விடும். இந்தக் கடைசி விஷயம் நம்மூர் மொட்டைமாடிக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

நெட்ஃபிளிக்ஸுக்கு அப்போது தபாலில் டிவிடி அனுப்புவதுதான் பிழைப்பு. 2007 ஜனவரியில் இணையம் வழியாகவும் படம் காட்டத் தொடங்கியது. சுமார் ஆயிரம் தலைப்புகள், அதுவும் கம்ப்யூட்டரில் மட்டும். மேசை முன்னால் நிமிர்ந்து உட்கார்ந்து இரண்டரை மணி நேரப் படம் பார்க்கக் கல்லூரிப் பையன்கள் வேண்டுமானால் தயாராக இருக்கலாம். குடும்பம் சோபாவை விட்டு எழுந்து வருமா? படத்தை டிவிக்குக் கொண்டுபோக ஒரு பெட்டி வேண்டும். அதற்காக அழைத்துவரப்பட்டவர் ஆண்டனி வுட். டிவி நிகழ்ச்சிகளை ஹார்ட் டிஸ்க்கில் பதிந்துவைத்துப் பார்க்கும் ‘ரீப்ளே டிவி’யை உருவாக்கியவர். ‘ரோக்கு’ என்ற தன் சொந்தக் கம்பெனியையும் நடத்திக்கொண்டே இங்கே வேலை பார்த்தார்.

ஹேஸ்டிங்ஸ் ஏன் பின்வாங்கினார்? நெட்ஃபிளிக்ஸ் தானே பெட்டி விற்றால், டிவியும் டிஸ்க் பிளேயரும் விளையாட்டுக் கருவியும் செய்கிற மற்ற கம்பெனிகள் அதைப் போட்டியாளராகத்தான் பார்க்கும். தங்கள் சாதனங்களில் நெட்ஃபிளிக்ஸுக்கு இடம் தரத் தயங்கும். ஒரு பெட்டிக்கு ஆசைப்பட்டு எல்லா வீட்டு வாசலையும் மூடிக்கொள்வதா? ஆகவே பிள்ளையைக் கொல்லாமல் தத்துக் கொடுத்தார். பெட்டியும் அதைச் செய்த ஆட்களும் ரோக்குவுக்குப் போனார்கள். நெட்ஃபிளிக்ஸ் சில மில்லியன் டாலர் முதலீடும் செய்தது. என் கணக்கில் இந்தக் கதையிலேயே பெரிய கண்டுபிடிப்பு இந்த முடிவுதான். பெட்டி அதற்குப் பிறகு வந்த சங்கதி.

2008 மே மாதம் 100 டாலருக்குள் அது கடைக்கு வந்தது. உள்ளே ஹார்ட் டிஸ்க் கிடையாது. படம் எங்கோ ஒரு சர்வரில் இருக்கும். பெட்டி முதலில் வீட்டு இணைய வேகத்தை அளந்து பார்க்கும், அதற்குத் தாங்கும் தரத்தில் படத்தைத் துண்டு துண்டாக வாங்கிக் கொஞ்சம் சேர்த்துவைத்துக்கொண்டு ஓட்டும். செயற்கைக்கோள்போல ஊருக்கெல்லாம் பொழிவதில்லை; இந்த வீடு கேட்டது இந்த வீட்டுக்கு மட்டும். ரிமோட்டில் விரல்விட்டு எண்ணக்கூடிய பொத்தான்களே இருந்தன. வேடிக்கை என்னவென்றால், படத்தைத் தேட அந்தப் பெட்டிக்குத் தெரியாது. கம்ப்யூட்டரில் போய் வேண்டிய படங்களை வரிசையில் போட்டுவிட்டு வந்தால், அந்த வரிசையை டிவியில் காட்டும், அவ்வளவுதான். மூச்சுக்கு மூச்சு ‘இதைப் பாருங்கள்’ என்று நச்சரிக்கும் இன்றைய திரைகளைப் பார்க்கும்போது அந்த அசட்டுத்தனம் எனக்குப் பிடித்திருக்கிறது.

ஒரு கடைக்கென்று பிறந்த பெட்டி சொந்தக்காரர் மாறியதும் சந்தையாகிவிட்டது. 2009-ல் அமேசானின் படங்கள் அதில் வந்தன. அதே ஆண்டில் பேஸ்பால் நேரலையும் வந்தது. டிஷ்ஷை விடமுடியாமல் பலரைப் பிடித்துவைத்திருந்தது விளையாட்டுதான் என்பதால் அந்த இரண்டாவது வரவு முக்கியமானது. 2013-ல் கூகுளின் குரோம்காஸ்ட் 35 டாலருக்கு வந்தது. அடுத்த ஆண்டு அமேசானின் ஃபயர் டிவி ஸ்டிக். அது இந்தியாவுக்கு வந்தது 2017-ல், ஜியோ டேட்டா விலையைத் தரையில் போட்ட மறுவருடம்.

ரோக்குவும் யோக்கியமாகவே இருந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். நாளடைவில் அதற்கு முக்கிய வருமானம் பெட்டி விற்பனையிலிருந்து விளம்பரத்துக்கும் சந்தாக்களில் கிடைக்கும் பங்குத்தொகைக்கும் மாறியது. ரிமோட்டில் கம்பெனிகளின் பெயரோடு பொத்தான்கள் முளைத்தன.

செயற்கைக்கோள்காரர்கள் சும்மா இருக்கவில்லை. அமெரிக்காவில் டைரக்டிவிக்கு நேர் போட்டியான டிஷ் நெட்வொர்க் அங்குள்ள தமிழ் வீடுகளுக்கு சன் டிவியையும் கொண்டுபோய்ச் சேர்த்தது. அதே டிஷ் 2015 பிப்ரவரியில் ‘ஸ்லிங் டிவி’யைத் தொடங்கியது: மாதம் 20 டாலர், ஒப்பந்தம் இல்லை, கூரையில் ஆணி அடிக்க ஆள் வரவேண்டாம், நேரடிச் சேனல்கள் முழுக்க இணையத்தில். அதைப் பார்க்க வாடிக்கையாளர் எதெதை வைத்திருக்கலாம் என்று கம்பெனி கொடுத்த பட்டியலில் ரோக்கு பெட்டியும் இருந்தது.