மேலிருந்து பார்த்தால் எல்லாம் பச்சைதான்

பி.காம். படிக்கிறவனுக்கு செயற்கைக்கோளோடு என்ன வேலை என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். போன லீவில் வால்பாறை வீட்டில் உட்கார்ந்து செல்போன் மேப்பில் எங்கள் எஸ்டேட்டைத் தேடினேன். ஆழியாரில் தொடங்கும் 40 கொண்டை ஊசி வளைவுகளும் சுருட்டிப் போட்ட கயிறு மாதிரி அழகாகத் தெரிந்தன. சோலையார் அணை தெரிந்தது. லைன் வீட்டுத் தகரக் கூரை கூடத் தெரிந்தது. மற்றதெல்லாம் பச்சை. அம்மாவிடம் காட்டினேன். "இதுல எது காடு, எது தேயிலை?" என்று கேட்டுவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டார். அந்தக் கேள்விக்குப் பதில் தேடிப் போனபோது படித்தவைதான் இவை.

கதை நம்ம மலைக்கு அந்தப் பக்கமே தொடங்குகிறது. பொள்ளாச்சியிலிருந்து மேற்கே போனால் ஆனைமலைத் தொடரின் அடிவாரத்தில் கொல்லங்கோடு என்று ஓர் ஊர். பாலக்காடு மாவட்டம். அங்கே 1909ல் பிறந்தவர் பி.ஆர். பிஷாரடி. சர் சி.வி. ராமனிடம் ஆராய்ச்சி செய்தவர், வானிலை விஞ்ஞானி. இந்தியத் தொலையுணர்வின் தந்தை என்று இவரைத்தான் சொல்கிறார்கள்.

1970ல் நம்மிடம் சொந்த செயற்கைக்கோள் ஒன்றுகூட இல்லை. பிஷாரடி குழு ஒரு ஹெலிகாப்டரில் கேமராவை வைத்து, அகச்சிவப்பு பிலிம் போட்டு, கேரளத் தென்னந்தோப்புகளுக்கு மேலே பறந்து படம் எடுத்தது. தேடியது வேர் வாடல் நோயை. இதில் உள்ள சூட்சுமம் எளிமையானது. நல்ல ஆரோக்கியமான இலை, நம் கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பு ஒளியை நிறையத் திருப்பி அனுப்பும். நோய் வந்தால் அது குறையும். அந்த பிலிமில் நல்ல மரம் பளிச்சென்று சிவப்பாகவும், நோய் மரம் மங்கலாகவும் விழும். கீழே நிற்கிற விவசாயிக்கு ஓலை மஞ்சளாகத் தெரிவதற்கு முன்பே மேலே இருக்கிற பிலிமுக்குத் தெரிந்துவிடும். இந்தியாவின் தொலையுணர்வு ராக்கெட்டில் ஆரம்பிக்கவில்லை, தென்னை மரத்தில் ஆரம்பித்தது! எனக்கு இது ரொம்பப் பிடித்த தகவல். ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

1972 ஜூலையில் அமெரிக்கா முதல் லேண்ட்சாட்டை ஏவியது. அதன் படத்தில் ஒரு புள்ளி, அதாவது ஒரு பிக்சல், தரையில் சுமார் 80 மீட்டர். நம்ம ஊர்க் கணக்கில் ஒன்றரை ஏக்கருக்கும் மேல். அவ்வளவு இடத்துக்கும் சேர்த்து ஒரே ஒரு நிறம்தான். இருந்தாலும் அதுவரை யாருக்கும் கிடைக்காத ஒன்று கிடைத்தது. நாடு முழுவதையும் ஒரே கண்ணால் பார்க்கும் வசதி.

இனி வருவது என் பாடம் :-)

அந்தக் காலத்தில் வனத்துறைப் பதிவேடுகளின்படி இந்தியாவில் காடு சுமார் 23 சதவீதம். ஹைதராபாத்தில் இருக்கும் தேசியத் தொலையுணர்வு முகமை லேண்ட்சாட் படங்களை வைத்து 1980களில் ஒரு கணக்கு சொன்னது. 1972-75 படங்களில் 16.9 சதவீதம், 1980-82 படங்களில் 14.1 சதவீதம். நாடே அதிர்ந்தது. பதிவேட்டில் இருப்பது சட்டப்படி காடு என்று எழுதப்பட்ட நிலம். அதில் மரம் இருக்கிறதா என்பது வேறு விஷயம். புத்தகத்தில் சரக்கு இருக்கும், குடோனில் இருக்காது என்று ஆடிட்டிங் வகுப்பில் சொல்வார்களே, அதேதான். 1981ல் தொடங்கப்பட்ட இந்திய வன அளவைத் துறையும் தனியாகக் கணக்கெடுத்தது. இரண்டு கணக்குகளும் ஒத்துப்போகவில்லை. கடைசியில் இரு தரப்பும் உட்கார்ந்து ஒப்பிட்டுச் சரிபார்த்து சுமார் 19.5 சதவீதம் என்று முடிவுக்கு வந்தார்கள். பேங்க் ரீகன்சிலியேஷன் ஸ்டேட்மெண்ட் போடுவதற்கு இதைவிடப் பெரிய உதாரணம் எந்தப் புத்தகத்திலும் இல்லை! ஒரே வானம், ஒரே செயற்கைக்கோள். ஆனால் எதைக் காடு என்பது, எந்த நிழலை மரம் என்பது என்று முடிவு செய்தது மனிதர்கள்.

1988 மார்ச் 17ல் நமது சொந்த ஐ.ஆர்.எஸ். 1ஏ பைக்கானூரிலிருந்து கிளம்பியது. அதன் ஒரு கேமராவில் பிக்சல் 72.5 மீட்டர், இன்னொன்றில் அதில் பாதி. 2005ல் வந்த கார்ட்டோசாட் 1ல் இரண்டரை மீட்டர். 2015 முதல் ஐரோப்பாவின் சென்டினல் 2 பத்து மீட்டர் பிக்சலில் படங்களை இலவசமாகவே தருகிறது. பத்துக்குப் பத்து மீட்டர் என்றால் இரண்டரை சென்ட் நிலம். ஒன்றரை ஏக்கரிலிருந்து இரண்டரை சென்ட்டுக்கு வந்துவிட்டோம்.

ஆனால் அம்மாவின் கேள்வி அப்படியே நிற்கிறது. வன அளவைத் துறையின் வரையறை இது: ஒரு ஹெக்டேர் அல்லது அதற்கு மேல் உள்ள நிலம், அதில் மரக்கவிகை 10 சதவீதம் அல்லது அதற்கு மேல் இருந்தால் அது 'காட்டுப் பரப்பு'. யாருடைய நிலம், என்ன மரம் என்ற கேள்வியே கிடையாது. தோப்பும் அதில் அடங்கும். வால்பாறை மேட்டில் வெள்ளைக்காரன் காலத்தில் காட்டை அழித்துத்தான் காபியும் தேயிலையும் வைத்தார்கள். நடுநடுவே சின்னச் சின்னத் துண்டுகளாக மழைக்காடு மிச்சமிருக்கிறது. புதுத்தோட்டத்தில் சிங்கவால் குரங்கு பார்க்க வருகிறீர்களே, அது அப்படி ஒரு துண்டுதான். அந்தத் துண்டையும், பக்கத்தில் சில்வர் ஓக் நிழலில் வளரும் காபியையும் மேலே இருந்து பிரித்துச் சொல்வது லேசுப்பட்ட வேலை இல்லை. அந்த வித்தியாசம் குரங்குக்குத் தெரியும். இருவாச்சிக்குத் தெரியும்.

எதிர்ப்பக்கமும் உண்டு. பச்சை கூடினால் நல்லது என்று நினைக்கிறோம். வால்பாறைக்கு மேலே இருக்கும் கிராஸ் ஹில்ஸ், 2012ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த மேற்குத் தொடர்ச்சி மலையின் 39 இடங்களில் ஒன்று. அங்கே காப்பாற்ற வேண்டிய பாரம்பரியத்தில் பாதி வெறும் புல். பக்கத்துப் பழனி மலையில் 1973 முதல் 2014 வரையிலான லேண்ட்சாட் படங்களை ஒப்பிட்டு 2018ல் ஓர் ஆய்வு வெளியானது. மூன்றில் இரண்டு பங்கு புல்வெளி போய்விட்டது. அந்த இடங்களில் சீகை, யூகலிப்டஸ், பைன் என்று வெளிநாட்டு மரங்களும் விவசாயமும். மரத்தை மட்டும் எண்ணுகிற கணக்கில் இந்த நஷ்டம் லாபமாக எழுதப்படும். பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் வைத்து, புல்லைத் தெரிந்த ஒருவர் பார்த்ததால்தான் வெளியே வந்தது.

மனிதர்களின் சரித்திரத்தையும் இப்படித் தேடுகிறார்கள். 1960 முதல் 1972 வரை அமெரிக்க உளவு செயற்கைக்கோளான கொரோனா (அந்தக் கொரோனா இல்லை!) எடுத்த படங்களை 1995ல் வெளியிட்டார்கள். சிரியாவிலும் ஈராக்கிலும் ஆயிரக்கணக்கான வருடங்களுக்கு முன் மனிதர்களும் ஆடுமாடுகளும் நடந்து நடந்து பள்ளமான பாதைகள் அவற்றில் கோடு கோடாகத் தெரிந்தன. பிற்பாடு அணை கட்டி மூழ்கிப்போன இடங்கள் கூட அந்தப் படங்களில் பத்திரமாக இருக்கின்றன.

வறண்ட நிலத்தில் கைகொடுக்கும் இந்த வித்தை மழைக்காட்டில் பலிக்காது. எங்கள் மலையின் பூர்வகுடிகள் காடர்கள். அவர்கள் கோயில் என்பது பெரும்பாலும் ஒரு மரத்தடி. பாதை ஓர் ஆள் நடக்கிற அகலம். எல்லாம் மரங்களுக்கு அடியில். எவ்வளவு கூர்மையான கேமராவிலும் இலைதான் விழும். ஆனால் 2006 வன உரிமைச் சட்டப்படி நிலம் கேட்டால், 2005 டிசம்பர் 13க்கு முன்பே அங்கே இருந்ததை நிரூபிக்க வேண்டும். "படத்தில் ஒன்றும் தெரியவில்லையே" என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது? குஜராத்தில் அப்படித்தான் நடந்தது. செயற்கைக்கோள் படத்தை வைத்து ஏராளமான மனுக்களை நிராகரித்தார்கள். 2012ல் விதிகளைத் திருத்தி, செயற்கைக்கோள் படம் மற்ற சாட்சியங்களுக்குத் துணையாக இருக்கலாம், அவற்றுக்குப் பதிலாக இருக்க முடியாது என்று தெளிவாக எழுதினார்கள். 2013ல் குஜராத் உயர் நீதிமன்றமும் அதையே சொன்னது. பெரியவர்களின் வாய்மொழி, கிணறு, இடுகாடு, வழிபடும் இடம் எல்லாமே அந்தச் சட்டத்தில் சாட்சியம். நான் படித்த சட்டங்களில் பாட்டியின் நினைவை ஆவணமாக ஏற்றுக்கொள்ளும் சட்டம் இது ஒன்றுதான்.

2019 ஆகஸ்ட் மழையில் வால்பாறை அருகே கல்லார் காடர் குடியிருப்பில் மண் சரிந்தது. அந்தக் குடும்பங்கள் பக்கத்தில் தங்களுக்குத் தெரிந்த தெப்பக்குளமேட்டில் குடியேற விரும்பின. எஸ்டேட் லைன் வீடுகளில் தங்கவைக்கப்பட்டார்கள். தொடர்ந்து போராடி 2021ல்தான் அந்த இடத்தில் உரிமை பெற்றார்கள். எந்த மேடு மழையைத் தாங்கும் என்ற அறிவு எந்தப் படத்திலும் இருக்கவில்லை, அவர்களிடம் இருந்தது.

அதற்காகச் செயற்கைக்கோள் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. தென்மேற்குப் பருவமழையில் சின்னக்கல்லாறு பக்கம் வாரக்கணக்கில் வானமே தெரியாது. சாதாரண கேமராவுக்கு மேகம் மட்டும்தான் கிடைக்கும். ரேடார் அப்படி இல்லை, மேகத்தைத் துளைத்துக்கொண்டு பார்க்கும். 2024 ஜூலை 30 வயநாடு நிலச்சரிவில் 86,000 சதுர மீட்டர் நிலம் சரிந்ததை மறுநாளே அளந்து சொன்னது நமது ரேடார் செயற்கைக்கோள் படம்தான். 2025 ஜூலை 30ல், சரியாக ஒரு வருடம் கழித்து, ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நாசாவும் இஸ்ரோவும் சேர்ந்து நிசாரை ஏவியிருக்கின்றன. 12 நாளைக்கு ஒருமுறை ஒரே இடத்தைத் திரும்பப் பார்த்து, நிலம் சில சென்டிமீட்டர் நகர்ந்தால்கூடக் கண்டுபிடிக்கும். நீண்ட அலையில் பார்ப்பதால் இலைகளுக்கு ஊடேயும் ஓரளவு போகும். எங்கள் மலைக்கு என்றே செய்தது மாதிரி இருக்கிறது.

சரி, தென்னைக்கு வருகிறேன். ஆனைமலை பக்கம் என் பெரியப்பாவுக்குக் கொஞ்சம் தோப்பு இருக்கிறது. அதே கேரள வேர் வாடல் நோய் கடந்த சில வருடங்களாகப் பொள்ளாச்சி, ஆனைமலைத் தோப்புகளில் பரவிக்கொண்டிருக்கிறது. முழுதாகக் குணப்படுத்த மருந்து கிடையாது. காய்ப்பு போன மரத்தை வெட்டுவதுதான் வழி. பிஷாரடி கதையைப் பெரியப்பாவிடம் சொன்னேன். கவனமாகக் கேட்டார். "அம்பத்தஞ்சு வருசத்துக்கு முன்னாலயே மேல இருந்து கண்டுபிடிச்சுட்டாங்களாக்கும்? அப்ப கீழ வந்து சொல்றதுக்குத்தான் ஆளில்ல" என்றார்.

போன மாதம் மட்டும் எட்டு மரம் வெட்டினார்கள். அந்த இடம் படத்தில் எப்போது மாறும் என்று மேப்பைத் திறந்து திறந்து பார்க்கிறேன். இன்னும் பழைய படம்தான் இருக்கிறது. எட்டும் அங்கே பச்சையாக நிற்கின்றன.