மினர்வா மில்லும் விசைத்தறியும்

ஸ்ரீராம்புரம் வந்து பதினோரு வருஷம். பக்கத்து மெட்ரோ ஸ்டேஷனை ஒட்டி நிற்கும் மந்திரி மால், அந்தக் காலத்து ராஜா மில். நம்மாட்கள் பலர் இங்கே வந்ததே மில் வேலைக்குத்தான்.

இதே ஊர் மினர்வா மில்லை சட்டம் படித்தவர்களுக்குத் தெரியும். 1971-ல் நிர்வாகத்தை மத்திய அரசு எடுத்தது, 1974-ல் தேசியமயம், 1980-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு.

பேங்க்காரன் பார்வை வேறு. பெரிய மில்லில் நூற்பு, நெசவு எல்லாம் ஒரே கூரை. ரகம் மாறினால் அத்தனை தறியையும் சட்டென்று திருப்ப முடியாது. குடோனில் சரக்கு தேங்கும், வட்டி ஓடும். விசைத்தறிக்காரரோ நூலை வாங்கி, கேட்ட ரகத்தை நெய்தார். போகாததை நிறுத்தினார்.

ஆனால் நிறுத்தினால் கூலியும் நின்றதே! மில்லில் பி.எஃப். உண்டு, யூனியன் உண்டு. பக்கத்து வீட்டு மில்காரத் தாத்தா இன்றும் சங்கு ஊதும் நேரத்துக்கு எழுந்துவிடுகிறார். வேகத்துக்கு விலை யார் கொடுத்தது என்று எந்த பேலன்ஸ் ஷீட்டும் காட்டாது.