படைத்துறை ஜீப் சீரமைப்பு

படைத்துறை ஜீப் சீரமைப்பு என்பது இராணுவப் பணியிலிருந்து கழிக்கப்பட்ட நான்கு சக்கர இயக்க ஊர்திகளைப் பழுதுநீக்கி, மீண்டும் நெடும்பயணத்துக்கு உரியனவாக ஆக்கும் பணியாகும். காட்சிக்காகச் சீரமைக்கும்போது பழைய தோற்றத்தைக் காப்பது முதன்மையானது. பயணத்துக்காகச் சீரமைக்கும்போது பிரேக், ஸ்டியரிங், குளிர்விப்பு ஆகியவற்றின் நம்பகத்தன்மை முதன்மையானது. செங்குத்தான மலைச்சாலைகள் சூழ்ந்த தேனி மாவட்டத்தின் கம்பம் பள்ளத்தாக்கு இவ்வேறுபாட்டை விளக்கும் எடுத்துக்காட்டாகும்.

வரலாறு

இரண்டாம் உலகப் போரின்போது ஐக்கிய அமெரிக்கப் படைகளுக்காக வில்லிஸ் எம்பி, போர்டு ஜிபிடபிள்யூ ஆகிய ஜீப்புகள் 1941 முதல் 1945 வரை 6 இலட்சத்துக்கும் மேற்பட்ட எண்ணிக்கையில் உருவாக்கப்பட்டன. இவை 60 குதிரைத்திறன் தரும் 2.2 லிட்டர் பெட்ரோல் எந்திரம், மூன்று முன்னோக்கு கியர்கள், 6 வோல்ட் மின்னமைப்பு ஆகியவற்றைக் கொண்டவை.

1945இல் தொடங்கப்பட்டு, 1948இல் மகிந்திரா அண்டு மகிந்திரா எனப் பெயர் மாற்றம் பெற்ற நிறுவனம் 1940களின் இறுதியில் பம்பாயில் வில்லிஸ் ஜீப்புகளை ஒருங்கிணைக்கத் தொடங்கியது. அமெரிக்காவில் 1968இல் நிறுத்தப்பட்ட சிஜே-3பி வடிவம் இந்தியாவில் அதன் பின்னரும் பல பத்தாண்டுகள் தொடர்ந்தது. 1965ஆம் ஆண்டுப் போரில் அப்துல் அமீது பயன்படுத்திய பின்னுதைப்பற்ற பீரங்கி ஜீப்பில் பொருத்தப்பட்டதாகும். அவருக்கு மறைவுக்குப் பின் பரம்வீர் சக்கர விருது வழங்கப்பட்டது.

ஜபல்பூர் ஊர்தித் தொழிற்சாலை நிசான் பேட்ரோல் 60 வடிவத்தைத் தழுவி ஜோங்கா என்னும் ஊர்தியை 1969 முதல் 1999 வரை உருவாக்கியது. இதன் ஆறு உருளைப் பெட்ரோல் எந்திரத்தின் கொள்ளளவு 3,956 கன செ.மீ. ஆகும். பின்னாளில் மகிந்திரா எம்எம் 540, மாருதி ஜிப்சி ஆகியனவும் படைப்பணியில் இடம்பெற்றன.

கம்பம் பள்ளத்தாக்கில் ஜீப்

இப்பள்ளத்தாக்கிலிருந்து கேரளத்தின் இடுக்கி மாவட்டத்துக்குப் போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி ஆகிய மலைவழிகள் உள்ளன. ஏலக்காய்த் தோட்டங்களுக்குத் தொழிலாளர்கள் ஜீப்புகளில் நாள்தோறும் இவ்வழிகளில் சென்று வருகின்றனர். தேனி மாவட்டத்தைச் சேர்ந்த கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டத்துக்குக் கேரளத்தின் சூரியநெல்லியிலிருந்து செல்லும் கரடுமுரடான பாதையிலும் ஜீப்புகளே ஓடுகின்றன.

இங்கு ஜீப் இன்றும் உழைக்கும் ஊர்தியாகும். ஒரே குடும்பத்தைச் சேர்ந்த ஊர்திகள் பொதுமக்களிடமும் நீண்டகாலம் புழங்கியதால், படைத்துறை ஜீப்புக்குரிய பல பாகங்களை இந்தியச் சந்தையில் பெற முடிகிறது. பெரும்பாலும் படைக்கு மட்டுமே வழங்கப்பட்ட ஜோங்காவுக்குப் பாகம் தேடுவது கடினம். எனவே ஊர்தியைத் தெரிவு செய்யும்போதே உதிரிப்பாகங்களைப் பற்றி எண்ண வேண்டியுள்ளது.

சீரமைப்பு முறை

பணி அடிச்சட்டத்திலிருந்து தொடங்குகிறது. உடற்கூட்டைக் கழற்றி, துருவும் விரிசலும் உள்ள இடங்கள் கண்டறியப்படுகின்றன. விரிசலுற்ற சட்டத்தின் மீது வண்ணம் பூசுவது குறையை மறைக்குமேயன்றி நீக்காது. அடுத்து எந்திரம், கியர்பெட்டி, முன்பின் அச்சுகளுக்கு விசையைப் பிரித்தளிக்கும் டிரான்ஸ்பர் கியர்பெட்டி, பட்டை வில்கள் ஆகியவை பிரித்துச் சரிபார்க்கப்படுகின்றன.

மலைப்பயணத்தில் கீழ்க்காண்பவை சிறப்புக் கவனம் பெறுகின்றன:

பிரேக்: வில்லிஸ் எம்பியில் நான்கு சக்கரங்களுக்கும் ஒரே நீர்ம அழுத்தச் சுற்று உள்ளது. ஒரு குழாயில் கசிவு ஏற்பட்டாலும் நான்கு பிரேக்குகளும் செயலிழக்கக்கூடும். தொடர்ந்து அழுத்தினால் டிரம் பிரேக்குகள் சூடேறிப் பிடிப்பை இழக்கும். ஆதலால் ஏறிய கியரிலேயே இறங்குவது மலைச்சாலை ஓட்டுநர்களின் நடைமுறையாகும்.

குளிர்விப்பு: ஏற்றத்தில் ஊர்தி மெதுவாகச் செல்வதால் ரேடியேட்டருக்குக் காற்று குறைவாகவே கிடைக்கிறது. உப்புப் படிந்த ரேடியேட்டர் இங்கு முதலில் பழுதாகும்.

எரிபொருள்: போடிமெட்டு 1,300 மீட்டருக்கு மேல் அமைந்துள்ளது. உயரத்தில் காற்றின் அடர்த்தி குறைவதால், சமவெளியில் சரிசெய்த கார்புரேட்டர் அங்கு தேவைக்கு மிஞ்சிய பெட்ரோலைக் கலக்கும். இதனால் கரும்புகை தோன்றி இழுவிசை குறைகிறது.

சட்ட நிலை

இந்தியப் படை ஊர்திகளின் எண்பலகை மேல்நோக்கிய அம்புக்குறியுடன் தொடங்கும். அதையடுத்த இரு இலக்கங்கள் ஊர்தி பெறப்பட்ட ஆண்டைக் காட்டும். கழிக்கப்பட்ட ஊர்தியை வாங்குவோர் முறையான விற்பனை ஆவணங்களைக் கொண்டு, வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பொதுப் பதிவு பெற வேண்டும்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் வகுத்தவற்றிலிருந்து வேறுபடுமாறு ஊர்தியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 சனவரியில் உச்ச நீதிமன்றம் இதனை உறுதிசெய்தது. பெட்ரோல் ஜீப்புகளில் டீசல் எந்திரம் பொருத்துவது முன்பு பரவலாக இருந்ததால், எந்திர எண்ணும் எரிபொருள் வகையும் சான்றுடன் பொருந்துகின்றனவா எனப் பார்ப்பது இன்றியமையாதது.

50 ஆண்டுகளுக்கு மேற்பட்ட, பெருமளவு மாற்றப்படாத ஊர்திகளுக்கு 2021 சூலையில் தனிப் பதிவு முறை அறிவிக்கப்பட்டது. புதுப் பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய். பதிவு 10 ஆண்டுகள் செல்லும். எனினும், கண்காட்சி, பழைய ஊர்திப் பேரணி, பராமரிப்பு போன்ற தேவைகளுக்கே இவற்றைச் சாலையில் ஓட்டலாம். வழக்கமான பயணத்துக்கு இப்பதிவு பயன்படாது. எனவே பழமையைக் காப்பதா, பயணத்துக்கு ஆயத்தமாக்குவதா என்பதைப் பணி தொடங்குமுன்பே முடிவு செய்தல் நன்று.

காட்டுப் பகுதிகள்

திருவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகம் 2021இல் அறிவிக்கப்பட்டது. காப்பகத்தினுள் உள்ள காட்டுப்பாதைகளில் வனத்துறையின் இசைவின்றி ஊர்திகளைச் செலுத்த இயலாது. நான்கு சக்கர இயக்கம் இருப்பதால் மட்டும் ஒரு பாதை பயணத்துக்குரியது ஆகிவிடாது.