கைமாறிக்கொண்டே இருக்கும் ஒரு பிணைப் பத்திரம்

"அவன் மேல நூத்திப்பத்து போட்டாச்சு" என்று, அதாவது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் பழைய 110-ஆம் பிரிவைச் சொல்லி, காவல் நிலையத்தில் பேசுகிறார்கள் என்றால், அங்கிருந்து ஒரு காகிதம் கிளம்பிவிட்டது. நன்னடத்தைப் பிணைப் பத்திரத்தின் பயணம் அங்கேதான் தொடங்குகிறது.

இன்னார் தொடர்ந்து குற்றம் செய்பவர், வெளியே விட்டால் ஊருக்கு ஆபத்து என்று ஆய்வாளர் அறிக்கை எழுதுகிறார். அது கோட்டாட்சியர் மேசைக்குப் போகிறது. அவர் செயல்முறை நடுவர் என்ற முறையில் எழுத்துபூர்வமாக ஓர் உத்தரவு போட வேண்டும். வந்த தகவலின் சாரம், பிணைத்தொகை, எத்தனை காலத்துக்கு, எத்தனை ஜாமீன்தாரர்கள், அவர்கள் எப்படிப்பட்டவர்களாக இருக்க வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். பிறகு சாட்சிகளை வைத்து விசாரணை. முடிவில் 3 ஆண்டுகள் வரைக்கும் பத்திரம் எழுதி வாங்கலாம். ஜாமீன் கொடுக்க வழியில்லாத ஏழை சிறைக்குத்தான் போக வேண்டும். புதிதாக ஒரு குற்றமும் நிரூபிக்கப்படாமலேயே ஒருவரை உள்ளே தள்ளக்கூடிய காகிதம் இது. அதனால்தான் இதில் கையெழுத்துப் போடுவது யார் என்ற கேள்வி இத்தனை பெரிதாகிறது.

சென்னை மாகாணத்தில் 1816-ஆம் ஆண்டு விதிகள் நடுவர் அதிகாரத்தைக் கலெக்டரிடம் கொடுத்தன. அவருக்குக் கீழே தாசில்தார் வரியும் வசூலித்தார், போலீஸ் வேலையும் பார்த்தார். விளைவு என்ன என்பதை 1855-இல் வெளியான சித்திரவதை விசாரணைக் குழு அறிக்கை சொன்னது. விரல்களை நசுக்கும் கிட்டி, வரி பாக்கி வைத்தவரையும் திருட்டுச் சந்தேகத்தில் பிடிபட்டவரையும் ஒன்றுபோல வதைத்தது. அதன் பின்னரே 1859-இல் தனிச் சட்டம் வந்து, போலீஸ் தனித் துறையானது. நடுவர் அதிகாரம் மட்டும் கலெக்டரிடமே நின்றது. 1861-இன் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் பிணைப் பத்திரமும் இடம்பிடித்தது.

சுதந்திர இந்தியா 1973-இல் எழுதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம் நடுவர்களை நீதித்துறை நடுவர், செயல்முறை நடுவர் என்று இரண்டாகப் பிரித்தது. அமைதி காப்பதற்கான 107-ஆம் பிரிவு வருவாய் அதிகாரிகளிடம் போனது. 110-ஆம் பிரிவு நீதிமன்றத்துக்குப் போனது. ஆனால் 1980-இல் வந்த திருத்தம் அதையும் நீதிமன்றத்திலிருந்து எடுத்துச் செயல்முறை நடுவரிடமே கொடுத்துவிட்டது.

அடுத்த தாவல் தமிழ்நாட்டில் நடந்தது. 2013, 2014-ஆம் ஆண்டு அரசாணைகள் காவல் துணை ஆணையர்களையே செயல்முறை நடுவர்களாக்கின. ஆய்வாளர் அனுப்பும் காகிதம் காவல் துறைக்குள்ளேயே ஒரு சுற்றுச் சுற்றி உத்தரவாகத் திரும்பியது. 2023 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் அந்த அரசாணைகளை ரத்து செய்தது. அதிகாரப் பிரிவினைக்கு அவை எதிரானவை என்றது.

பயணம் அத்தோடு முடியவில்லை. அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 107-ஆம் பிரிவு 126 ஆகவும், 110-ஆம் பிரிவு 129 ஆகவும் மாறின. கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத காவல் அதிகாரியைச் சிறப்புச் செயல்முறை நடுவராக அரசு நியமிக்கலாம் என்று அதன் 15-ஆம் பிரிவு சொல்கிறது.

கோட்டாட்சியர் ஒன்றும் நீதிபதி அல்ல. ஆய்வாளர் எழுதியதை அப்படியே ஏற்றுக் கையெழுத்திடும் கோட்டாட்சியரும் உண்டு. ஆனாலும், புகார் சொல்லும் துறைக்கு வெளியே உட்கார்ந்திருப்பவர் "ஆதாரம் எங்கே?" என்று கேட்க ஒரு வாய்ப்பாவது இருக்கிறது. அந்த வாய்ப்பை மூடும் எந்த நியமனமும் 1859-க்கு முந்தைய ஏற்பாட்டை நோக்கித்தான் நம்மை இழுக்கும். இந்தக் காகிதம் வீடு தேடி வந்தால், காரணம் எழுதிய உத்தரவைக் கேட்டு வாங்குங்கள். வழக்கறிஞரை வைத்துக்கொள்ளுங்கள். பிணைத்தொகை மிதமிஞ்சி இருக்கக் கூடாது என்று சட்டமே சொல்கிறது. உத்தரவு தவறு என்றால் செஷன்ஸ் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யும் வழி திறந்தே இருக்கிறது.