நரிப் பொந்திலிருந்து வெள்ளவத்தை மாடிக்கு: ஒரு குட்டி நாயின் வரலாறு



நம் முஸ்லிம் வீடுகளுக்குள் நாய் வந்ததே இல்லை என்று சொல்வோம். ஆனால் ஒரு நாய் வந்திருக்கிறது. மூத்தாப்பா காலத்தில் கிராமஃபோன் வைத்திருந்த வீடுகளில், எச்.எம்.வி. இசைத்தட்டின் நடுவில், குழாய்க்கு முன்னால் தலையைச் சரித்துக் கேட்டுக்கொண்டிருக்குமே, அந்த வெள்ளை நாய்தான். அதன் பெயர் நிப்பர். 1884இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் பிறந்த கலப்பு டெரியர். வீட்டுக்கு வருபவர்களின் காலைக் கவ்வப் போகும் பழக்கத்தால் அந்தப் பெயர் வந்தது. அது 1895இல் இறந்த பிறகு, பிரான்சிஸ் பராட் என்ற ஓவியர் அதை வரைந்தார். 1899இல் கிராமஃபோன் கம்பனி அந்தப் படத்தையும் அதன் உரிமையையும் 100 பவுணுக்கு வாங்கியது.

நிப்பரின் சொந்தக்கார இனம் ஒன்று இப்போது வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைத் தொடர்மாடிகளில் வளர்கிறது. ஜாக் ரசல் டெரியர். வெள்ளை உடம்பு, மண்ணிறத் திட்டுகள், ஓர் அடி உயரம், ஐந்தாறு கிலோ நிறை. பார்க்க விளையாட்டுச் சாமான் மாதிரி இருக்கும். அதை நம்பித்தான் பலரும் வாங்குகிறார்கள். பிறகு பிரச்சினை தொடங்குகிறது: ஓயாமல் குரைக்கிறது, செருப்பைக் கடித்துக் குதறுகிறது, பூச்சாடி மண்ணைக் கிளறுகிறது, பூனையைக் கண்டால் பாய்கிறது. கடந்த மாதம் வெள்ளவத்தைத் தொடர்மாடி ஒன்றில் இப்படி ஒரு நாயை வெளியேற்றச் சொல்லிக் கையெழுத்துச் சேர்த்தார்கள். எனக்கும் அந்தக் கடதாசி வந்தது. கையெழுத்துப் போடுவதா இல்லையா என்பதற்கு முன், இந்த நாய் ஏன் இப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டாமா? வரலாறு படிப்பிக்கிறவனுக்கு அதுதானே வேலை.

ஜோன் ரசல் ஒரு பாதிரியார். 1795இல் பிறந்தவர். ஒக்ஸ்ஃபோர்டில் படித்த காலத்தில், 1819இல், பால்காரர் ஒருவரிடமிருந்து டிரம்ப் என்ற பெட்டை டெரியரை வாங்கினார். பிறகு டெவன் மாவட்டத்தில் பாதிரியாராக இருந்துகொண்டே, 1883இல் இறக்கும் வரை நரி வேட்டையும் நாய் வளர்ப்புமாக வாழ்ந்தார். அந்த வேட்டையில் பெரிய நாய்கள் நரியைத் துரத்தும். நரி பொந்துக்குள் புகுந்துவிட்டால் பெரிய நாயால் ஒன்றும் செய்ய முடியாது. அப்போது இந்தச் சின்ன நாயை உள்ளே விடுவார்கள். டெரியர் என்ற சொல்லே மண் என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது.

இப்போது அதன் குணங்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள். வெள்ளை நிறம், வேட்டை நாய்கள் அதை நரி என்று நினைத்துக் கடித்துவிடாமல் இருக்க. இரண்டு கைக்குள் அடங்கும் நெஞ்சு, பொந்துக்குள் நுழைய. மண்ணைக் கிளறுவது, அதன் தொழில். குரைப்பு? மண்ணுக்கடியில் எந்த இடத்தில் நரியை மடக்கியிருக்கிறது என்று மேலே நிற்கும் மனிதனுக்குச் சொல்ல. நன்றாகக் குரைத்த நாயைத்தான் தேர்ந்தெடுத்து அடுத்த தலைமுறைக்கு வளர்த்தார்கள். பொந்துக்குள் எஜமான் கூட வர மாட்டார், நாய் தானாகவே முடிவெடுக்க வேண்டும். அதனால்தான் அது சொல்வழி கேட்காத பிடிவாதக்காரனாகத் தெரிகிறது.

ஆக, இருநூறு வருடமாக மனிதன் விரும்பி வளர்த்த குணங்களுக்காக, நாம் இன்று அந்த நாய் மேல் வழக்குப் போடுகிறோம்.

வெள்ளைக்காரர் தங்கள் நாய்களைக் கப்பலில் இங்கே கொண்டுவந்த கதை பழையது. 1840களின் பிற்பகுதியில் சாமுவேல் பேக்கர் வேட்டை நாய்களோடு நுவரெலியாவில் குடியேறி மரை வேட்டையாடினார். அந்த நாய்களுக்கு ஓடக் காடு இருந்தது. நம் மாடி நாய்க்கு இருப்பது ஒரு பல்கனி.

வளர்க்கிறவர்கள் கவனியுங்கள். வெயில் ஏறுமுன் ஒரு தடவை, பொழுது சாய்ந்த பின் ஒரு தடவை, நல்ல நடை வேண்டும். கடற்கரைப் பக்கம் பட்டியோடு கூட்டிப் போங்கள். எலியைக் கண்டால் கான் ஓரம் பாய்ந்துவிடும், அவிழ்த்துவிடாதீர்கள். சாப்பாட்டைத் துணிக்குள் ஒளித்துத் தேட விடுங்கள், மூளைக்கு வேலை கிடைக்கும். நாள் முழுக்கத் தனியாகப் பூட்டி வைத்தால் குரைக்கத்தான் செய்யும். பல்கனியில் அடைக்காதீர்கள். உண்ணி பார்த்து எடுங்கள், உண்ணிக் காய்ச்சல் நம் நாட்டில் நாய்களைக் கொல்கிறது. இந்த இனம் பதின்மூன்று, பதினான்கு வருடம் வாழக்கூடியது. குட்டியை வாங்கும் முன் அந்தக் கணக்கைப் பாருங்கள். அலுத்துப்போனால் தெருவில் விடலாம் என்று நினைக்கிறவர் வாங்கவே வேண்டாம்.

தெரு என்றதும் இன்னொரு வரலாறு. விசர் நாய்க்கடிக்கு எதிரான சட்டம் இந்த நாட்டில் 1893இல் வந்தது. 1901இல் நாய்கள் பதிவுச் சட்டம் வந்தது. அதன்படி ஒவ்வொரு வருடமும் நாயைப் பதிய வேண்டும். தெரு நாய்களைப் பிடித்துக் கொல்வதும் நீண்ட காலம் நடந்தது. அப்படியிருந்தும் 1973இல் மட்டும் 377 பேர் இந்த நோயால் இறந்தார்கள். தடுப்பூசி பரவிய பிறகுதான் மரணம் வேகமாகக் குறைந்தது. 2006இல் கொல்வதை நிறுத்திய பிறகும் அது தொடர்ந்து குறைந்தது. காப்பாற்றியது ஊசி. அந்த ஊசியை வருடா வருடம் போடுங்கள். எந்த நாய் கடித்தாலும், வீட்டு நாயானாலும், காயத்தைச் சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு உடனே அரச வைத்தியசாலைக்குப் போங்கள்.

இனி என் சமூகத்துக்கு ஒரு வார்த்தை. நாயின் எச்சில் பட்டால் மண் கலந்த ஒரு தடவை உட்பட ஏழு தடவை கழுவ வேண்டும் என்பது நம் ஷாபி மத்ஹப். அது சுத்தம் பற்றிய சட்டம். வெறுப்புக்கான அனுமதி அல்ல. வெள்ளிக்கிழமைகளில் நாம் ஓதும் கஹ்ஃபு சூறாவில் குகை வாசலில் முன்கால்களை நீட்டிக் கிடப்பதும் ஒரு நாய்தான். தாகத்தில் தவித்த நாய்க்குக் கிணற்றில் இறங்கித் தண்ணீர் எடுத்துக் கொடுத்தவரின் பாவம் மன்னிக்கப்பட்ட ஹதீஸை மத்ரஸாப் பிள்ளையும் சொல்லும். ஒன்பதாம் நூற்றாண்டில் பஸராவின் அல்-ஜாஹிழ், விலங்குகள் பற்றிய தன் பெரிய நூலில் நாய்க்காரரும் சேவல்காரரும் வாதாடுவதைப் பக்கம் பக்கமாக எழுதினார். நம் அறிஞர்கள் நாயைப் பார்த்து ஓடவில்லை, உட்கார்ந்து கவனித்தார்கள்.

நாய் வளர்க்கும் தமிழ், சிங்கள, பறங்கி அயலவர்களிடமும் ஒரு வேண்டுகோள். லிஃப்டில் தொழுகைக்குப் போகிறவர் நின்றால் அடுத்த தடவை ஏறுங்கள். அது உங்களுக்கு ஒரு நிமிடம். அவருக்கோ உடுப்பு மாற்றி மறுபடி கழுவும் வேலை மிச்சம்.

நான் அந்தக் கடதாசியில் கையெழுத்துப் போடவில்லை. வீட்டுக்காரரோடு கதைத்தேன். இப்போது நாய் காலையிலும் மாலையிலும் நடக்கப் போகிறது. குரைப்பு முற்றாக நிற்கவில்லை, பாதியாகக் குறைந்திருக்கிறது. உங்கள் மாடியிலும் இப்படி ஒரு கடதாசி சுற்றினால், பேனையை எடுக்கும் முன் ஒரு தடவை கதவைத் தட்டிக் கதைத்துப் பாருங்கள்.